பச்சை உடம்பில் மூளையும் உண்டு

அந்த 16 பெண்களில் ஒருவர்கூட அப்போது கர்ப்பமாக இல்லை. எல்லோரும் முன்பே பிள்ளை பெற்றவர்கள்; சோதனை தொடங்கும்போது தெளிந்த மனத்தோடு இருந்தவர்கள். அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்தில், அவர்கள் உடம்புக்குள் கர்ப்பத்தின் சாயல் ஒன்று உண்டாக்கப்பட்டது. முதலில் ஊசி போட்டுச் சினைப்பையின் வேலையை நிறுத்திவைத்தார்கள். பிறகு 8 வாரங்களுக்கு எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களை வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கொடுத்தார்கள். அதன்பின் ஒரு நாள் மருந்தை எடுத்துவிட்டு, அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். மாற்றிய நாள் அந்தப் பெண்களுக்கும் தெரியாது, அவர்கள் மனநிலையைக் கணித்தவர்களுக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவளின் ரத்தத்தில் நடப்பது போன்ற வீழ்ச்சி, பிரசவமே இல்லாமல் நடந்தது.

16 பேரில் 8 பேருக்கு முந்தைய பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. மற்ற 8 பேருக்கு வந்ததில்லை. ஹார்மோன் இறங்கிய நாட்களில், முன்பு சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனம் மறுபடியும் சரிந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மிக்கி பிளாக், பீட்டர் ஷ்மிட், டேவிட் ருபினோ முதலானோர் நடத்திய இந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. கலந்துகொண்டவர்கள் சிலர்தான். ஆனாலும், பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் இன்றும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெண்களின் மடியில் பச்சைக் குழந்தை இல்லை. ராத்திரி மூன்று முறை எழுந்து பால் கொடுக்கவில்லை. தையல் வலிக்கவில்லை. பெண் பிள்ளையா என்று முகம் சுளிக்க யாரும் வரவில்லை. ரத்தத்தில் இரண்டு ஹார்மோன்கள் ஏறின, இறங்கின. அது மட்டுமே சில பெண்களைச் சாய்க்கப் போதுமானதாக இருந்தது. சாய்ந்தவருக்கும் சாயாதவருக்கும் கிடைத்த மருந்தின் அளவு ஒன்றே. அந்த ஏற்ற இறக்கத்தை அவரவர் மூளை வாங்கிக்கொண்ட விதம்தான் வேறு.

நம் வீடுகளில் இந்தச் சோர்வுக்கு வேறு பெயர்கள் உண்டு. செல்லம், சோம்பல், திமிர். "நாங்களும் அஞ்சு பெத்தோம், இப்படியா மூலையில உக்காந்தோம்?" என்று மாமியார் கேட்பார். "பால் குடுக்கிறவ அழக்கூடாதுடி, புள்ளைக்கு ஆகாது" என்று பெற்ற தாயே கெஞ்சுவாள். அழுகிறவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பிள்ளையைப் பார்த்தால் பாசம் பொங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தான் கெட்ட தாய் என்ற முடிவுக்கு அவளே வந்துவிடுகிறாள். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உள்ளேயே வைத்துப் புழுங்குகிறாள்.

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று தமிழில் சொல்கிறோம். அவளைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடுவதில்லை, கனமானதைத் தூக்க விடுவதில்லை. காதில் பஞ்சு வைத்து, பத்தியம் சமைத்து, பிரசவ லேகியம் கிண்டிக் கொடுக்கிறோம். உடம்பு இன்னும் ஆறவில்லை என்பதை அந்த ஒரு சொல் எவ்வளவு பரிவோடு ஒப்புக்கொள்கிறது! அந்தப் பரிவு கழுத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. மூளையும் அதே பச்சை உடம்பின் ஓர் உறுப்பு. கர்ப்பப்பை சுருங்குகிற அதே நாட்களில் அதுவும் பெரிய மாற்றத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த மாற்றம் நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்குகிறது. குழந்தை பிறந்ததும் பிரசவம் பார்ப்பவர் அடுத்துக் காத்திருப்பது நஞ்சு விழுவதற்குத்தான். ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள அந்தச் சதையைக் குழந்தைக்குச் சோறு போட்ட பை என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம். தாயின் உடம்பில் ஒன்பது மாதம் இயங்கிய மிகப் பெரிய ஹார்மோன் ஆலையும் அதுவே. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாயின் எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மாதவிடாய்க் காலத்தில் இருக்கும் உச்சத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். நஞ்சு வெளியேறியதும் அந்த ஆலை மூடப்படுகிறது. சில நாட்களுக்குள் இரண்டும் தரைமட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இவ்வளவு வேகமான ஹார்மோன் வீழ்ச்சி வேறு எப்போதும் நடப்பதில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில்கூட இறக்கம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கிறது.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது இதனால்தான். பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடுகிறது. கனடாவின் டொரான்டோவில் ஆய்வாளர்கள், பிரசவமாகி நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் இருந்த தாய்மார்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். செரோடோனின், டோபமைன் போன்ற, மனத்தை நிலையாக வைத்திருக்கும் ரசாயனங்களைச் சிதைக்கும் நொதி ஒன்று மூளையில் உண்டு. மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்பது அதன் பெயர். அண்மையில் பிள்ளை பெறாத பெண்களோடு ஒப்பிட்டால், இந்தத் தாய்மார்களின் மூளையில் அது சராசரியாக 43 சதவீதம் கூடியிருந்தது. 2010-இல் வெளியான இந்த முடிவு, அஞ்சாம் நாள் அழுகைக்கு ஓர் உடல் விளக்கத்தைத் தந்தது. எஸ்ட்ரோஜன் சரியச் சரிய அந்த நொதி பெருகுகிறது; மனத்தைத் தாங்கிப்பிடிக்கும் ரசாயனங்கள் கரைகின்றன.

இரண்டு வாரம் கழித்தும் அழுகை அடங்காமல், தூக்கம் பிடிக்காமல், எதிலும் ஒட்டாமல் ஒரு பெண் இருந்தால் அது வேறு சங்கதி. அங்கே மனச்சோர்வு நோயைத் தேடிப் பார்க்க வேண்டும்.

புரோஜெஸ்டிரோனுக்கு ஒரு வாரிசு உண்டு. உடம்புக்குள் அது உருமாறி அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாகிறது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அது செய்யும் வேலை எளிதாக விளங்கும். மூளையில் பரபரப்பை அடக்கும் பிரேக் போல வேலை செய்யும் வேதிப்பொருள் காபா. அந்த பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்க உதவுவது அலோபிரெக்னனோலோன். கர்ப்ப காலத்தில் இது ஏராளமாகச் சுரப்பதால், மூளை தன் பக்கத்தில் காபாவின் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு சமன் செய்கிறது. பிரசவமானதும் அலோபிரெக்னனோலோன் ஒரேயடியாக விழுகிறது. மூளை அந்த ஏற்பிகளை விரைந்து பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் தாமதமோ தடுமாற்றமோ நேர்ந்தால் பிரேக் பிடிக்காத வண்டிதான். உடம்பு அசந்து கிடக்கும், மனம் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை தூங்கும்போதுகூடத் தாய்க்குத் தூக்கம் வராது.

இதை எலிகளிடம் பார்த்தவர்கள் ஜேமி மகுவயர், இஷ்ட்வான் மோடி என்ற இரு ஆய்வாளர்கள். அந்த ஏற்பியின் ஒரு பகுதி இல்லாமல் உருவாக்கப்பட்ட பெண் எலிகளை அவர்கள் கவனித்தார்கள். ஈன்ற பிறகு அவை சோர்ந்துபோயின. கூடு சரியாகக் கட்டவில்லை. குட்டிகளைப் பராமரிக்காமல் விட்டன. 2008-இல் வந்த ஆய்வு இது. எலிக்கு மாமியார் இல்லை, ஊர்ப் பேச்சும் இல்லை. அதன் குட்டியைக் கவனிக்கும் திறனே ஒரு புரதத்தின் கையில் இருந்தது என்பதை, தன்னைக் கெட்ட தாய் என்று நினைத்து அழும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்ல வேண்டும்.

இந்த அறிவிலிருந்து மருந்தும் பிறந்தது. அலோபிரெக்னனோலோனையே பிரெக்சனோலோன் என்ற பெயரில் நரம்பு வழியாக 60 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சிகிச்சைக்கு 2019-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்றே வந்த முதல் மருந்து அது. விலை மிக அதிகமாக இருந்தது. மயக்கம் வரலாம் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பிலேயே இருக்கவும் வேண்டியிருந்தது. 2023-இல் அதே வழியில் செயல்படும் சுரனோலோன் என்ற மாத்திரை வந்தது. 14 நாட்கள் விழுங்கினால் போதும். வழக்கமான மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய வாரக்கணக்காகும்போது, இவற்றில் சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்தது. நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது செர்ட்ராலின் போன்ற பழகிய மாத்திரைகளைத்தான். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம். "மாத்திரை போட்டா பாலை நிறுத்தணும்" என்ற பயத்தினாலேயே சிகிச்சைக்கு வராத பெண்களுக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும்.

பிரசவத்தின் கதையாகவே இவ்வளவு நேரம் பேசினாலும், நோய் பல நேரம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் கண்டறியப்படும் கடுமையான மனச்சோர்வில் ஏறக்குறைய பாதி, கர்ப்பத்திலேயே ஆரம்பித்திருக்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சொல்கிறது. நம் வீடுகளில் அது கண்ணில் படாமல் போவதற்கு வசதியான ஒரு திரை உண்டு. சாப்பிடப் பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று மாசமாக இருக்கிறவள் சொன்னால் "மசக்கைதான், போயிரும்" என்பார்கள். பல பேருக்குப் போய்விடுகிறது. போகாதவளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஏழாம் மாதம் கை நிறைய வளையலோடு அவளை உட்கார வைத்துப் படம் எடுக்கிறோம்.

கர்ப்பத்தில் மனத்தை அசைக்கும் வேதியியலும் நஞ்சுக்கொடியிலிருந்தே வருகிறது. மனஅழுத்தம் வரும்போது மூளை ஒரு சமிக்ஞை ஹார்மோனை அனுப்பும். அதன் முடிவில் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி கார்டிசோலைச் சுரக்கும். கார்டிசோல் போதிய அளவு வந்ததும் மூளை அந்தச் சமிக்ஞையை நிறுத்திக்கொள்ளும். நஞ்சுக்கொடியும் அதே சமிக்ஞை ஹார்மோனைத் தயாரிக்கிறது. ஆனால், அங்கே நிறுத்தும் கதவு இல்லை. கார்டிசோல் கூடக் கூட அது இன்னும் அதிகமாகத் தயாரிக்கிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கார்டிசோல் உயர்வது இயல்பு. ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவருக்கும், வீட்டில் அடியும் அச்சமும் இருப்பவருக்கும் இந்த ஏற்றம் கூடுதல் சுமை. பிரசவமானதும் நஞ்சுக்கொடி போய்விட, இத்தனை மாதம் ஒதுங்கியிருந்த தாயின் சொந்த அமைப்பு விழித்தெழ வாரங்கள் பிடிக்கின்றன.

கர்ப்பம் தெரிந்ததும் தாமாகவே மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் பலர். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்த கர்ப்பிணிகளைப் பாஸ்டன் நகர மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கு. நிறுத்துவதா தொடர்வதா என்பதை ஒருத்தி தனியாக, பயத்தில், ராத்திரியோடு ராத்திரியாக முடிவு செய்யக் கூடாது.

சில பெண்களுக்குக் காரணம் மூளையில்கூட இருக்காது, கழுத்தில் இருக்கும். கர்ப்பத்தில் குழந்தையை அந்நியப் பொருளாகத் தாக்கிவிடாமலிருக்க நோயெதிர்ப்பு ஆற்றல் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. பிரசவத்துக்குப் பின் அது துள்ளி எழும்போது, சிலருக்குத் தைராய்டு சுரப்பியையே தாக்கிவிடுகிறது. ஏறக்குறைய நூற்றில் ஐந்து தாய்மார்களுக்கு இந்தத் தைராய்டு அழற்சி வருகிறது. முதல் சில மாதங்களில் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. அதன்பின் சுரப்பு குறைந்து அசதி, மறதி, முடி உதிர்தல், மனம் மந்தமாதல். பார்ப்பவருக்கு இது அப்படியே மனச்சோர்வு போலத் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

பிரசவத்தில் ரத்தம் கொட்டியவளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. கர்ப்பத்தில் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பருத்துவிடுகிறது. ரத்த ஓட்டம் சட்டென்று குறைந்தால் அது கருகிப்போகலாம். ஹெரால்டு ஷீஹன் என்ற மருத்துவர் 1937-இல் விவரித்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. முதல் அடையாளம் பால் சுரக்காமல் போவது. பிறகு மாதவிடாய் திரும்பாது, அசதி தீராது. ஆண்டுக்கணக்கில் 'எப்பவும் படுத்தே கிடக்கிறா' என்ற பழியோடு வாழ்ந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

ரத்தசோகையோ நம்மிடம் ஊரெங்கும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டில் 48 சதவீதம். செரோடோனினையும் டோபமைனையும் உடம்பு தயாரிப்பதற்கு இரும்புச்சத்து தேவை. கருப்பாகப் போகிறது, வாந்தி வருகிறது என்று இரும்பு மாத்திரையை அலமாரியில் தள்ளிவைப்பதன் விலையை ரத்தம் மட்டும் கொடுப்பதில்லை.

யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதில் பிறவிக் கூறும் இருக்கிறது. சுவீடனில் இரட்டையர்களை வைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வில் மரபணுவின் பங்கு 54 சதவீதம் என்று கணக்கிட்டது. மற்றக் காலங்களில் வரும் மனச்சோர்வில் அது அதைவிடக் குறைவு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துக்குப் பின் 'ஒரு மாதிரி' ஆகியிருந்தால், அதை மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்வது நல்லது. சர்க்கரை நோயைச் சொல்கிறோமே, அதைப் போல.

இவ்வளவு உடற்கூறு பேசிவிட்டு, வீட்டையும் ஊரையும் மறந்துவிட முடியாது. வேலூரை அடுத்த கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்தில் மறுபடி சந்தித்து ஓர் ஆய்வு நடந்தது. 2002-இல் வெளியான அதன்படி 11 சதவீதத்தினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அவர்களிடம் தென்பட்டவை குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பிறந்த பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு ஆள் இல்லாமை. தந்தையர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்த நாட்களில் மனச்சோர்வு வருகிறது. அவர்களுக்கு நஞ்சுக்கொடி ஏது? தூக்கம் கெடுவதும் கடனும் பயமும் போதும். ஆனால், அந்தப் பயமும் கடைசியில் கார்டிசோலாகத்தான் உடம்பில் ஓடுகிறது. 'பொட்டப் புள்ளையா' என்ற சொல், ஹார்மோன்கள் சரிந்து தள்ளாடிக்கொண்டிருக்கும் ஒரு மூளையின் மேல் போய் விழுகிறது. அந்தச் சொல்லைச் சொல்லாமலிருக்க நம்மால் முடியும்.

ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு வருவது இவற்றிலிருந்து வேறுபட்டது. பிரசவமான சில நாட்களில் திடீரென்று தூக்கமே இல்லாமல் உலாத்துவார்கள், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், குரல் கேட்கிறது என்பார்கள், இது என் பிள்ளையே இல்லை என்பார்கள். பழைய ஆட்கள் பிரசவ ஜன்னி என்பார்கள், காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். இருமுனைக் கோளாறோடு நெருங்கிய உறவுள்ள மனநோய் இது. தாய், பிள்ளை இருவரின் உயிருக்கும் ஆபத்து என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் தனிப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவமனையில் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் தேவையில்லை. 1987-இல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வீணாக உன்னையே நொந்துகொண்டாயா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தமா என்று அது கேட்கும். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. இதன் தமிழ் வடிவமும் இங்கே சோதித்துச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம்.

பிறந்த ஒன்றரை மாதத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி. ஊர்ச் சுகாதார நிலையத்தின் பெஞ்சில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நர்சம்மா ஒவ்வொரு பிள்ளையாக வாங்கித் தராசில் போடுவார், எடையை அட்டையில் எழுதுவார், தொடையில் ஊசி போடுவார், அழுகிற பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார். அந்த அட்டையில் அம்மாவின் தூக்கத்துக்கும் அழுகைக்கும் இடம் கிடையாது. நாலைந்து நிமிடம் ஒதுக்கி, "நீ எப்படிம்மா இருக்கே? ராத்திரி புள்ள தூங்குறப்ப நீயும் தூங்குறியா?" என்று கேட்கத் தோதான இடமும் நாளும் அதுதான். ஹார்மோன்கள் சரிந்து அதற்குள் ஆறு வாரமாகியிருக்கும்.